பெரிய காலிபர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் சப்ரஸர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்தின் தென் தீவில், கான்டர்பரி பக்கம் குடியிருக்கிறேன். மானும் தார் என்ற மலையாடும் தேடி மலை ஏறத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இங்கே புதிதாகத் துப்பாக்கி உரிமம் எடுக்கும் நம் ஆட்கள் போனில் கேட்பதும், சுடுதளத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். சைலன்சர், மாடரேட்டர், சப்ரஸர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாம் ஒரே பொருள்தான்: சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கிக் குழல் முனையில் மாட்டும் குப்பி. போல்ட் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் திறந்து மூடும் ரைஃபிள். காலிபர் என்றால் குண்டின் அளவு. கீழே வரும் 308, 300 மேக்னம் மாதிரிப் பெயர்கள் தோட்டா வகைகள்.

சப்ரஸர் போட்டால் சத்தமே வராதா? சினிமாவில் 'புஸ்' என்றுதானே கேட்கிறது?

வரும். நன்றாகவே வரும். ரைஃபிள் சத்தத்தில் இரண்டு பங்கு உண்டு. குண்டைத் தள்ளிக்கொண்டு வரும் வாயு குழல் முனையில் வெடித்துப் பிதுங்கும் சத்தம் ஒன்று. குண்டு ஒலியை விட வேகமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் வரும் சாட்டையடி மாதிரியான 'பளீர்' இன்னொன்று. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். 308 குண்டு 800 மீட்டருக்கு மேல் போகிறது, 300 வின்செஸ்டர் மேக்னம் 900-ஐத் தொடும். சப்ரஸர் முதல் சத்தத்தை மட்டுமே குறைக்கும். இரண்டாவது, குண்டு போகும் வழி நெடுக உண்டாவது. குழல் முனையில் எதை மாட்டினாலும் அது நிற்காது.

ஒலியை விட மெதுவாகப் போகும் தோட்டாக்களும் கடையில் கிடைக்கின்றன. அவற்றைச் சப்ரஸரோடு சுட்டால் உண்மையிலேயே அமைதியாக இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் மான் மாதிரிப் பெரிய விலங்கைச் சுத்தமாக வீழ்த்தும் வலு பெரும்பாலான காலிபர்களுக்குக் கிடையாது. காயப்பட்ட விலங்கு புதருக்குள் ஓடி ராத்திரி முழுக்கத் துடிக்கும். அந்தப் பாவம் வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு குறையும்? காதில் எதுவும் போடாமல் சுடலாமா?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சப்ரஸர் இல்லாத 308 குழல் முனையில் 165 முதல் 170 டெசிபல் வரை போகும். நல்ல சப்ரஸர் அதில் 25-லிருந்து 30 டெசிபல் வரை குறைக்கும். டெசிபல் கணக்கு நம் சாதாரணக் கழித்தல் கணக்கு அல்ல. 20 டெசிபல் குறைந்தால் காதைத் தாக்கும் அழுத்தம் பத்தில் ஒன்றாகிறது. ஆக, சப்ரஸர் செய்வது பெரிய வேலை. ஆனால் திடீர் வெடிச் சத்தத்துக்குப் பல நாடுகளின் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு 140 டெசிபல். சப்ரஸர் போட்ட 308 அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். மேக்னம் காலிபர்கள் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கும். பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லை என்று அர்த்தம்.

காதின் உட்பகுதியில், நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட இடத்தில், ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. மனிதனுக்கு அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. கீச்சொலிகளை வாங்கும் அணுக்கள்தான் முதலில் போகும்.

எனக்குப் போயிருக்கிறது. ஆரம்ப வருடங்களில் மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் துண்டு) மாட்டிய 300 மேக்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'மலையில் ஒன்றிரண்டு தடவைதானே சுடப்போகிறோம்' என்று காதை மூடாமல் சுட்டேன். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காது குழல் முனைக்குக் கிட்டத்தில் இருக்கும், வலது காதைத் தலையே கொஞ்சம் மறைத்துக்கொள்ளும். அதனால் எனக்கு அடி வாங்கியது இடது காது. அதற்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு ராத்திரி திண்ணையில் படுத்திருந்தேன். தோட்டத்தில் சில்வண்டு கத்திக்கொண்டே இருந்தது. வலது பக்கமாகத் திரும்பிப் படுத்ததும் வலது காது தலையணையில் அமுங்கியது, சில்வண்டுச் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்தேன், கேட்டது. மறுபடி திரும்பினேன், நின்றது. வெளியே கத்துவது நிற்கவில்லை, என் இடது காதில்தான் அதற்கு இடமில்லை. அந்த இடத்தில் இப்போது வேறொரு ரீங்காரம் இரவும் பகலும் ஓடுகிறது.

எனவே சப்ரஸர் இருந்தாலும் காதடைப்பான் போடுங்கள். சுடுதளத்தில் காதுக்குள் செருகும் நுரை (ஃபோம்) அடைப்பானும் அதன்மேல் கவசமும், இரண்டும். மலையில் எலக்ட்ரானிக் காதுக்கவசம் நல்ல ஏற்பாடு. மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும், வெடியை மறிக்கும். கூட்டாளி கிசுகிசுப்பதும் கேட்கும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

பைக் சைலன்சரில் நடப்பதுதான். குண்டின் பின்னால் வரும் சூடான வாயு ஒரேயடியாக வெளியே பாய்வதற்குப் பதில், உள்ளே அடுக்கியிருக்கும் தடுப்புத் தட்டுகளில் மோதி, அறை அறையாக விரிந்து, வேகமும் சூடும் தணிந்து மெதுவாக வெளியேறுகிறது. குண்டு எதையும் தொடாமல் நடுத்துளை வழியாகப் போய்விடும். இரண்டு சாதனத்துக்கும் உறவும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் ஹிராம் பெர்சி மாக்சிம் 1909-இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். அதே அறிவை எஞ்சின் புகைக்குழாய்ச் சத்தத்தைக் குறைக்கவும் பயன்படுத்தினார். அவருடைய அப்பாதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர்.

பெரிய காலிபருக்கு ஏன் பெரிய சப்ரஸர் வேண்டும் என்பதும் இதிலேயே புரியும். 308 தோட்டாவில் வெடிமருந்து ஏறக்குறைய 3 கிராம். 300 மேக்னத்தில் நாலரை கிராமுக்கு மேல். 338 லபுவாவில் 6 கிராம். 50 பிஎம்ஜி-யில் சுமார் 15 கிராம். அத்தனை மருந்தும் வாயுவாகி அந்தக் குப்பிக்குள்தான் வந்து சேர்கிறது.

முதல் குண்டு மட்டும் சத்தம் கூடுதலாகக் கேட்கிறதே, பழுதா?

பழுதில்லை. சப்ரஸருக்குள் அடைந்திருக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன், முதல் வெடியில் வரும் வாயுவோடு சேர்ந்து எரிகிறது. இரண்டாவது குண்டுக்கு அந்த ஆக்சிஜன் இருக்காது.

போல்ட் ஆக்‌ஷனில் சப்ரஸர் நன்றாக வேலை செய்யும் என்று ஏன் சொல்கிறார்கள்?

அரைத் தானியங்கி ரைஃபிளில் வாயுவின் ஒரு பங்கு இயந்திரத்தை இயக்கப் பின்னால் வரும். சப்ரஸர் மாட்டினால் அந்த அழுத்தம் கூடி, புகையும் கரியும் சுடுபவர் முகத்தில் அடிக்கும், பாகங்கள் சீக்கிரம் தேயும், பின்பக்கம் திறக்கும்போது சத்தமும் கசியும். போல்ட் ஆக்‌ஷனில் நாம் கையால் திறக்கும் வரை பின்பக்கம் பூட்டியே இருக்கும். வாயு போக ஒரே வழி முன்னால்தான். அதனால் சப்ரஸரின் முழுப் பலனும் கிடைக்கும், ரைஃபிளில் எதையும் மாற்றவும் வேண்டாம்.

இந்த நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. 2019 மார்ச் 15 கிறைஸ்ட்சர்ச் மசூதிப் படுகொலைக்குப் பிறகு பெரும்பாலான அரைத் தானியங்கி ரைஃபிள்களைத் தடை செய்துவிட்டார்கள். அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலைக்குப் போகிறவர்கள் அநேகமாக எல்லோர் தோளிலும் இப்போது போல்ட் ஆக்‌ஷன்தான்.

உதைப்புதான் என் பிரச்சினை. மசில் பிரேக் போடட்டுமா, சப்ரஸர் போடட்டுமா?

உதைப்பை மட்டும் பார்த்தால் பிரேக் ஜெயிக்கும். வாயுவைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திருப்பிவிடுவதால் உதைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். சப்ரஸர் நாலில் ஒரு பங்கு குறைக்கும், சில நேரம் அதற்குக் கொஞ்சம் மேலே. அதன் எடையும் அதில் ஒரு கை கொடுக்கிறது.

ஆனால் பிரேக் திருப்பிவிடும் அந்த வாயு எங்கே வருகிறது? உங்கள் காதுக்கும் பக்கத்தில் படுத்திருப்பவர் காதுக்கும். வெறும் குழலை விடப் பிரேக் போட்ட குழல் சுடுபவர் காதில் கூடுதல் சத்தம் போடும். சுடுதளத்தில் பிரேக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்கூடே அதிரும். நான் கழற்றித் தூக்கிப் போட்டு ஏழெட்டு வருடமாகிறது. உங்களுக்கும் அதையே சொல்வேன். உதைப்பு தாங்கவில்லை என்றால் காலிபரைக் குறையுங்கள். 308-ம் 6.5 கிரீட்மூரும் இங்கே எந்த மானுக்கும் போதும். மேக்னம் இல்லாமல் ஆகாது என்கிற பேச்சு எனக்கு ஒப்புவதில்லை.

சப்ரஸர் மாட்டியதும் குறி மாறிவிட்டது. ரைஃபிள் கெட்டுவிட்டதா?

இல்லை. குண்டு போகும் அந்த நொடிப்பொழுதில் குழல் வீணைத் தந்தி மாதிரி அதிர்கிறது. அதன் நுனியில் அரைக் கிலோ தொங்கினால் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். பெரும்பாலும் கீழே இறங்கும். மெல்லிய குழலில் அதிகமாக, கனத்த குழலில் குறைவாக. சப்ரஸரை மாட்டியபடியே ஸ்கோப்பைச் சரிபார்த்து, பிறகு எப்போதும் மாட்டியே சுடுங்கள். கழற்றிச் சுட வேண்டி வந்தால் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று சுடுதளத்திலேயே பார்த்துக் குறித்து வையுங்கள். மலையில் அதைக் கண்டுபிடிக்க நினைக்கக் கூடாது.

ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் கதை வேறு. மரை தளர்ந்திருக்கும். நாலைந்து குண்டுக்கு ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள், ஆனால் ஆறிய பிறகு.

என் சப்ரஸர் வேறு காலிபருக்குப் பொருந்துமா?

பெரிய துளையில் சின்னக் குண்டு போகலாம். 30 காலிபர் சப்ரஸரை 6.5 ரைஃபிளில் மாட்டலாம், சத்தம் சற்றே கூடும், அவ்வளவுதான். தலைகீழாக ஒருபோதும் கூடாது. 6.5 துளையில் 30 குண்டு போனால் சப்ரஸர் கிழிந்து பறக்கும்.

துளை பொருந்தினால் மட்டும் போதாது. 308-க்கு மதிப்பிட்ட சப்ரஸரும் 300 மேக்னத்துக்கு மதிப்பிட்ட சப்ரஸரும் ஒரே துளை, ஆனால் ஒரே வலு அல்ல. அடுத்தது குழல் நீளம். குழல் குட்டையானால் மருந்து முழுதும் எரிவதற்குள் குண்டு வெளியே வந்துவிடும், மிச்ச அழுத்தம் முழுக்கச் சப்ரஸர் தலையில் விழும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் குறைந்தபட்சக் குழல் நீளம் என்று ஓர் அளவு தருகிறார்கள். அது அலங்காரத்துக்கு எழுதியது அல்ல.

குழல் முனையில் மரை இல்லை என்றால் துப்பாக்கி வேலை தெரிந்த கம்மியரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். சாதாரண லேத் பட்டறையில் வேண்டாம். பல குழல்களில் வெளிவட்டமும் உள்துளையும் ஒரே மையத்தில் இருப்பதில்லை. மரையை உள்துளைக்கு நேராக வெட்ட வேண்டும், வெளிவட்டத்துக்கு அல்ல. நூலளவு சாய்ந்தாலும் சப்ரஸரின் மறுமுனைக்குள் அது பெரிதாகி, குண்டு கடைசித் தட்டை உரசிவிடும்.

பத்துக் குண்டு சுட்டதும் ஸ்கோப்பில் இலக்கு நெளிகிறது.

கானல். தார் ரோட்டில் மதியம் தெரியுமே, அதுதான். சப்ரஸர் சூடேறி, அதன் மேலிருந்து எழும் வெப்பக் காற்று ஸ்கோப்புக்கு முன்னால் ஆடுகிறது. மேலுறை போட்டால் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் உறை சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். நின்று நிதானமாகச் சுடுவதே மருந்து. மேக்னத்தில் ஐந்தாறு குண்டு போதும், கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். சுட்ட கையோடு ரைஃபிளைப் பையில் நுழைக்காதீர்கள்.

மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாதுதானே?

சப்ரஸருக்கு ஆகாமல் போகலாம். ரைஃபிளுக்கு ஆகும். மருந்து எரியும்போதே நீராவியும் கரியும் உண்டாகிறது. மழைத் தண்ணீரும் சேர்ந்தால் உள்ளே கறுப்புக் குழம்பு. ஒரு ஜூன் மாதம் தெகப்போ ஏரிக்கு மேலே இரண்டு நாள் பனியும் மழையும் நனைந்து திரும்பி, அலுப்பில் சப்ரஸரைக் கழற்றாமல் ரைஃபிளை அலமாரியில் நிறுத்திப் பூட்டிவிட்டேன். நான்கு நாள் கழித்துக் கழற்றியபோது பழுப்பு நீர் குழலுக்குள் இறங்கியிருந்தது. குழல் முனையின் உள்விளிம்பில் கடுகு கடுகாகத் துரு. அந்த விளிம்புதான் குண்டு கடைசியாகத் தொடும் இடம், அதில் பழுது வந்தால் குறி போச்சு. தேய்த்துச் சரிசெய்யக் கம்மியரிடம் ஓட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள். சப்ரஸரைத் தனியே, வாய் கீழ் நோக்க, காற்றாட நிறுத்துங்கள். ரைஃபிளுக்கு எண்ணெய்த் துணி போடுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

338, 375, 50 மாதிரி ராட்சதக் காலிபர்களுக்கும் பயன் உண்டா?

உண்டு, விலையும் எடையும் கூடவே வரும். 338 லபுவா தொலைதூரச் சுடுதலுக்கானது. அங்கே சப்ரஸர் காதை மட்டும் காப்பதில்லை, படுத்துச் சுடும்போது குழல் முனை கிளப்பும் தூசியையும் அடக்கும். 50 பிஎம்ஜி-க்கான சப்ரஸர் இரண்டு கிலோவைத் தாண்டும், தோளில் சுமந்து மலையேறும் சமாச்சாரம் அல்ல. 375 எச் அண்ட் எச், 1912-இலிருந்து இருக்கும் ஆப்பிரிக்கக் காட்டெருமைக் காலிபர். அந்த வகை ரைஃபிள்களில் குழல் முனையில் இரும்புக் குறிமுள் நிற்கும். சப்ரஸர் அதை மறைத்துவிடும். அடர்ந்த புதரில் நீளக் குழல் சிக்கும். அங்கே காதுக்கவசத்தை நம்புவதே நல்லது.

மலையில் உண்மையான பயன் என்ன? விலங்குக்குக் கேட்காது என்பதா?

விலங்குக்குக் கேட்கும். எங்கிருந்து என்றுதான் தெரியாது. வாயு வெடிப்பு அடங்கிவிட்டால் மிச்சமிருப்பது குண்டின் பளீர். அது பாறையில் மோதி நாலாபுறமும் திரும்பும்.

இங்கே நாங்கள் தேடிப் போகும் தார், நம் வரையாட்டின் இமயமலை உறவு. இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்த காலம் உண்டு. தமிழ்நாட்டில் வரையாடு மாநில விலங்கு, அதைக் காப்பாற்றப் பாடுபடுகிறோம். இங்கே 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்ட இமயத் தார், எதிரி விலங்கு இல்லாமல் பெருகி மலைச் செடிகளை மொட்டையடிக்கிறது. வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே இல்லாமல் இருந்த தீவுகள் இவை. அந்தச் செடிகளுக்கு மேய்ச்சலைத் தாங்கிப் பழக்கமில்லை. 1993-ஆம் ஆண்டுத் திட்டம் 10,000 தார் என்று வரம்பு வைத்தது. முதல் தடவை ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்தபோது வரையாடு வாழும் நீலகிரி முக்கூர்த்தி ஞாபகம் வந்து விரல் அசையவில்லை என்பது வேறு விஷயம்.

சப்ரஸர் தரும் நிஜமான உதவி, குண்டு பட்ட சத்தம் கேட்பது. முன்னூறு மீட்டரில் சுட்டால், ஒரு நொடிக்குப் பிறகு ஈர மண்ணில் மண்வெட்டி இறங்குவது போல் ஒரு 'தொப்'. வெறும் குழலில் நம் வெடியே அதை விழுங்கிவிடும். அது கேட்டால் பட்டது என்று தெரியும், காயப்பட்ட விலங்கைத் தேடாமல் விடுவது குறையும். இன்னொன்று, பள்ளத்தாக்கின் மறுபக்கத்துப் பண்ணை வீட்டுக்காரர் தூக்கத்தில் துள்ளி எழ வேண்டியதில்லை.

நானே செய்துகொள்ளலாமா?

வேண்டாம். பல நாடுகளில் அது சிறைக்குப் போகும் குற்றம். சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், மேக்னம் வாயுவின் அழுத்தமும் சூடும் வீட்டுப் பட்டறை வேலைக்கு அடங்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

நியூசிலாந்தில் சப்ரஸருக்கென்று தனி அனுமதி கிடையாது, வேட்டைக் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். ரைஃபிளுக்கு உரிமமும், 2023 ஜூனில் தொடங்கிய பதிவேட்டில் பதிவும் வேண்டும். டாஸ்மான் கடலைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண உரிமக்காரருக்குச் சப்ரஸர் கிடைக்காது. இங்கிருந்து பையில் போட்டுக் கொண்டுபோனால் வழக்குதான்.

அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அன்று வைத்த 200 டாலர் வரி தொண்ணூறு வருடம் மாறவே இல்லை. 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். வரிதான் போனது, பதிவு போகவில்லை. சில மாநிலங்கள் முழுதாகத் தடுத்தும் இருக்கின்றன. ஜெர்மனி 2020-இல் வேட்டைக்காரர்களுக்கு நாடு முழுக்க வழிவிட்டது.

ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டையையே முடித்துவிட்டன. சத்தம் குறைக்கும் துணைக்கருவிகளைத் துப்பாக்கி விதிகள் மிகக் கடுமையான வகையில்தான் வைத்திருக்கின்றன. பழைய சப்ரஸர் ஒன்று பெட்டியின் அடியில் மறந்து கிடந்தாலும் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். புறப்படுவதற்கு முன் வேட்டைப் பையையும் சூட்கேஸையும் கலக்காதீர்கள்.

இரண்டாம் கை சப்ரஸர் வாங்கலாமா?

பார்த்து வாங்கலாம். முதலில் எந்தக் காலிபரில், எத்தனை அங்குலக் குழலில் ஓடியது என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் விட்டுவிடுங்கள். கையில் எடுத்து ஆட்டுங்கள், உள்ளே கலகல என்றால் தட்டு விட்டுப்போயிருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை வழியாகப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக, ஒரே மையத்தில் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். எங்காவது ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரிப் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் குண்டு உரசியிருக்கிறது. மரையில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், கரகரக்கக் கூடாது. டைட்டானியமா எஃகா அலுமினியமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அலுமினியம் கலந்தது இலேசானது, ஆனால் மேக்னம் சூட்டுக்கு அதை நான் வாங்கமாட்டேன். முடிந்தால் உங்கள் ரைஃபிளையும் கொண்டுபோய், தோட்டா இல்லை என்று உறுதி செய்து, அங்கேயே மாட்டிப் பாருங்கள். நேராக உட்காராவிட்டால் பேரம் பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.